நீல மண்ணெண்ணெய் தரம் குறைந்ததா?

தென்கரை:
ரேஷன் கடை நீல மண்ணெண்ணெயும் வெளிச்சந்தை வெள்ளை மண்ணெண்ணெயும் ஒரே சரக்குதான் என்று சொல்லப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் வீட்டில் திரி ஸ்டவ்வும் அரிக்கேன் விளக்கும் புழங்கிய காலத்தில், நீல எண்ணெய் ஊற்றிய மறுநாளே சிம்னியில் கரி படிந்துவிடும். திரியின் நுனி கருகிக் கெட்டிப்பட்டுப்போக, அதைக் கத்தரியால் ஒட்ட வெட்டினால்தான் சுடர் சீராக நிற்கும். வெள்ளை எண்ணெயில் இந்தத் தொல்லை குறைவு. மானிய விலையில் ஏழைகளுக்குக் கொடுப்பது என்பதால் மட்டமானதைத் தள்ளிவிட்டார்கள் என்றே கருதுகிறேன். தரம் ஒன்றென்றால் நிறம் எதற்கு?

வடிகோபுரம்:
நிறத்துக்குக் காரணம் விலை. கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது, ஏறத்தாழ 150 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும் பகுதியே மண்ணெண்ணெய். விமான எரிபொருளும் பெரும்பாலும் இதே பகுதியிலிருந்துதான் தயாராகிறது. மானிய எண்ணெயை டீசலில் கலந்து விற்பவர்களைப் பிடிப்பதற்காகவே அதில் மிகச் சிறிதளவு நீலச் சாயம் சேர்த்தார்கள். 1993ஆம் ஆண்டின் மண்ணெண்ணெய்க் கட்டுப்பாட்டு ஆணையும், பொது விநியோக எண்ணெயைச் சமையலுக்கும் விளக்குக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற நோக்கில் வந்ததுதான்.

தரத்தைச் சொல்வது மண்ணெண்ணெய்க்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 1459. அதில் முக்கியமானது ஸ்மோக் பாயின்ட் என்னும் சோதனை: குறிப்பிட்ட விளக்கில் எண்ணெயை ஊற்றித் திரியை மெல்ல உயர்த்திக்கொண்டே போய், புகை விடாமல் சுடர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று மில்லிமீட்டரில் அளப்பார்கள். குறைந்தது 18 மில்லிமீட்டர் வர வேண்டும். பென்சீன் வளையம் கொண்ட அரோமாட்டிக் சேர்மங்கள் கூடினால் இந்த உயரம் குறைந்து கரி கூடும். திரியில் எவ்வளவு கரி கட்டுகிறது என்பதற்கும் தனி வரம்பு உண்டு. சாயம் இந்த எதையும் கெடுக்கும் அளவில் இல்லை.

தென்கரை:
ஆய்வகத்தில் தேறிய எண்ணெய்தான் எங்கள் கேனுக்கு வந்தது என்பதற்கு என்ன உறுதி, ஐயா? அதோடு, அந்தத் தரநிலையே போதுமானதா என்றும் கேட்கிறேன். ஐஎஸ் 1459 கந்தகத்துக்கு நெடுங்காலம் 0.25 சதவீதம் வரை இடம் கொடுத்திருந்தது. அமெரிக்கத் தரநிலையில், புகைபோக்கி இல்லாமல் வீட்டுக்குள் எரிக்கும் கருவிகளுக்கு உரிய 1-கே வகைக்கு 0.04 சதவீதம்தான் உச்சவரம்பு. நம் ஊரில் சாலையில் ஓடும் வண்டியின் டீசலுக்கு 2020 ஏப்ரல் முதல் பத்து லட்சத்தில் 10 பங்கு என்ற வரம்பு வந்துவிட்டது. ஜன்னல் இல்லாத அடுக்களையில் திரி ஸ்டவ் முன் உட்கார்ந்து சமைத்த பெண்ணின் மூச்சுக்கு அந்த அக்கறை கிடைக்கவில்லை. வீடுகளில் மண்ணெண்ணெய் எரிப்பதைத் தவிர்க்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது.

நெய்தல்கரை:
கடலுக்குப் போகிறவர்களின் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படகின் பின்புறம் வெளியே மாட்டும், மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எண்ணெய் நீலமா வெள்ளையா என்பது எஞ்சினுக்குத் தெரியாது. டிரம்மின் அடியில் தேங்கிய தண்ணீர்தான் நடுக்கடலில் எஞ்சினை நிறுத்தும். சாயம் போட்ட எண்ணெயைக் குறைசொல்வதைவிட அது வந்து சேர்ந்த பாத்திரத்தைப் பாருங்கள் என்பதே என் கருத்து.

வடிகோபுரம்:
கந்தகம் பற்றித் தென்கரை சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் அது நீலம், வெள்ளை இரண்டுக்கும் பொதுவான குறை. சிம்னியில் படிந்த கரிக்கு வேறு காரணம் இருக்கலாம். டீசல் ஏற்றிய பீப்பாயைச் சுத்தமாக வடிக்காமல் அதில் மண்ணெண்ணெய் பிடித்தால், மிச்சமிருந்த டீசலின் கனமான பகுதி திரியில் ஏறி முழுதாக எரியாமல் நுனியில் கருகித் தங்கும். பெட்ரோல் இருந்த கேன் என்றால் ஆபத்து இன்னும் பெரிது. ஆவி தீப்பற்றும் வெப்பநிலை, அதாவது ஃபிளாஷ் பாயின்ட், குறைந்தது 35 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. சிறிதளவு பெட்ரோல் சேர்ந்தாலும் அது அறை வெப்பநிலைக்கும் கீழே இறங்கிவிடும்; விளக்குகள் வெடித்து உயிர்போவது இப்படித்தான்.

வெள்ளை நிறத்தையும் நம்பாதீர்கள். சாயத்தை உறிஞ்சும் களிமண் வழியாக வடிகட்டி நீலத்தை வெளுக்கவைக்கும் மோசடி நடந்ததால்தான், கண்ணுக்குத் தெரியாத அடையாளப் பொருளைக் கலக்கும் முறையை 2006இல் அரசு கொண்டுவந்தது.

தென்கரை:
சாயம் குற்றவாளி அல்ல என்பதை ஏற்கிறேன்; விநியோகத்தின் மீதான என் குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது. பெட்ரோல் பங்கில் சந்தேகம் வந்தால் ஒரு துளி விட்டுக் கலப்படம் பார்க்கும் வடிதாள் கேட்கலாம், அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லலாம். மண்ணெண்ணெய் வாங்க வெயிலில் வரிசையில் நின்றவர்களுக்கு அளவு சரியா என்று கேட்கத்தான் இடம் இருந்தது. இன்றும் எங்கெல்லாம் இந்த எண்ணெய் விநியோகமாகிறதோ அங்கெல்லாம் அடர்த்திமானியும், மண்ணெண்ணெய்க்கென்றே ஒதுக்கிய பீப்பாயும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.