ஒரே பின்புலக்காரர்கள் சேர்ந்து இசைநாடகம் எழுதினால்: 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்'

திரைச்சீலை:
1964-இல் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் வந்த இந்த நாடகத்தின் கதை, இசை, பாடல், இயக்கம், தயாரிப்பு எல்லாமே அமெரிக்க யூதர்கள் கையில். ஒருவருக்கொருவர் விளக்கவே தேவையில்லாத கூட்டணி என்கிறார்கள். உண்மையில் வேலை எப்படி நடந்தது? நாடகம் எழுதும் எங்கள் குழுவில் நாலு பேரும் ஒரே வட்டாரம், அதனால் கேட்கிறேன்.

நாலாம்வரிசை:
'யூதர்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் விஷயம் பிடிபடாது. தயாரிப்பாளர் ஹரால்ட் பிரின்ஸ் ஜெர்மானிய யூத வழி. கதை நடக்கும் கிழக்கு ஐரோப்பிய யூதக் கிராமம் தனக்குப் பழக்கமில்லை, இயக்க ஜெரோம் ராபின்ஸைப் பிடியுங்கள் என்றார். ராபின்ஸ் 1924-இல், சிறு வயதில், கிழக்கு ஐரோப்பாவில் அப்பாவின் சொந்த ஊரான ரோஜாங்காவுக்கே போய் வந்தவர். கதை எழுதிய ஜோசப் ஸ்டைனுக்கு நாடகத்துக்கு மூலமான ஷோலோம் அலைக்கெம் கதைகளை அப்பாவே கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் வாசித்துக் காட்டியிருக்கிறார்.

அப்படியும் ராபின்ஸ் விடவில்லை. 'இது எதைப் பற்றிய நாடகம்?' என்று கூட்டத்துக்குக் கூட்டம் நச்சரித்தார். ஐந்து பெண்களைப் பெற்ற பால்காரன் கதை என்ற பதில் அவருக்குப் போதவில்லை. ஒரு வாழ்க்கைமுறை கலைவதைப் பற்றியது, அதன் மரபுகளைப் பற்றியது என்று பேச்சு திரும்பியதும், அதையே முதல் பாட்டாக்குங்கள் என்றார். அதுவரை தொடக்கத்தில் இருந்தது, யூதர்களின் வார ஓய்வு நாளான சபத்துக்காக அம்மாவும் பெண்களும் வீட்டில் பரபரக்கும் பாட்டு. வீட்டு ஆட்களுக்கு அது போதும். ஊரில் யாருக்கு என்ன இடம் என்று வெளியாளுக்குத் தெரியாது. புதிய 'டிரெடிஷன்' பாட்டில் அப்பாக்கள், அம்மாக்கள், மகன்கள், மகள்கள் என்று வரிசையாக வந்து அவரவர் கடமையைப் பாடிவிடுகிறார்கள்.

சுருதிப்பெட்டி:
இசைப் பக்கம்: ஜெர்ரி பாக் மெட்டுகளை ஒலிநாடாவில் பதிந்து கொடுப்பார். ஷெல்டன் ஹார்னிக் மனதில் ஒட்டியதை எடுத்து வரி எழுதுவார், மற்றவை கிடப்பில். ஒத்திகையோடு முடிந்ததும் இல்லை. 'டூ யூ லவ் மீ?' பாட்டு, பிராட்வேக்கு முன் டெட்ராய்ட் நகரில் நடந்த முன்னோட்டத்தின்போது எழுதப்பட்டது. ரத்தத்தில் இருக்கிறது என்று நடனத்தையும் விடவில்லை. ராபின்ஸ் நியூயார்க்கில் ஹசிடிக் என்ற ஆசார யூதப் பிரிவினரின் கல்யாணங்களுக்குப் போய்க் கவனித்தார்; தலையில் புட்டி வைத்து ஆடும் நடனம் அங்கிருந்து வந்தது.

நாலாம்வரிசை:
ஒரே பின்புலம் என்றால் சண்டை வராது என்பதும் தப்பு. ராபின்ஸ் 1953-இல், கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சக கலைஞர்களின் பெயர்களைச் சொன்னவர். கதாநாயகனாக நடித்த ஜீரோ மோஸ்டெல் அதே வேட்டையின் கறுப்புப் பட்டியலில் வாய்ப்பிழந்தவர். நாடக வட்டாரத்தில் ஒன்று சொல்வார்கள்: வாசல் நிலையிலுள்ள மெசுசாவை (யூத மறைவரிகள் அடங்கிய சிறு பேழை) மோஸ்டெல் தொட்டு முத்தமிட, வேண்டாம் என்றாராம் ராபின்ஸ். அடுத்த முறை அதே இடத்தில் மோஸ்டெல் சிலுவைக்குறி போட்டாராம். முத்தமே இருக்கட்டும் என்று ராபின்ஸ் இறங்கி வந்தார்.

உங்கள் குழுவுக்கு: முதல் வாசிப்பில் வேற்றூர்க்காரர் இரண்டு பேரை உட்காரவையுங்கள். வட்டார வழக்கை மாற்ற வேண்டாம். அவர்கள் 'இது யார்?', 'ஏன் கோபம்?' என்று கேட்கும் பக்கங்களை மட்டும் குறியுங்கள். பதிலை வசனத்தில் திணிக்காமல் பாட்டிலோ, மேடையில் ஒரு செய்கையிலோ வையுங்கள்.