மறுமொழி: எக்ஸ்டென்ட் – நீட்சியா, பரப்பா, தொடரிடமா?

வணக்கம்.

வீடியோ எடுப்பவர்களுக்கான லினக்ஸ் கையேட்டில் நான்காவது அத்தியாயம் ‘எக்ஸ்டென்ட்’ என்ற ஒரு சொல்லுக்குத் தமிழ் முடிவாகாமல் ஒரு வாரமாக நிற்கிறது. நீங்கள் எழுதிய யோசனைகளுக்கு என் மறுமொழி இது. பெரிய வீடியோ கோப்புகளை வைக்க எந்தக் கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) நல்லது என்று சொல்லும் அத்தியாயம் அது. வட்டில் ஒரு கோப்புக்காக இடைவெளி இல்லாமல் ஒதுக்கப்பட்ட இடம்தான் ‘எக்ஸ்டென்ட்’. அது இல்லாமல் இந்த அத்தியாயத்தை எழுத முடியாது.

> ‘நீட்சி’ என்றே வைத்துவிடலாமே? அகராதியிலும் அந்தப் பொருள் உண்டு.

ஐயா, அகராதிப்படி தவறில்லை. ஆனால் உலாவியில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷனுக்கு நீட்சி என்ற பெயர் ஊன்றிவிட்டது. அதோடு, நீட்சி என்றால் இருப்பது மேலும் நீள்வது. இங்கே எதுவும் நீளவில்லை. என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுவோம்.

40 ஜிபி அளவுள்ள ஒரு கல்யாண வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். 4 கேபி கட்டங்களாகப் பிரித்தால் ஒரு கோடிக்கு மேல் கட்டங்கள் வரும். (வட்டின் இடத்தைப் பிரித்து ஒதுக்கும் சிறு அலகான பிளாக்குக்குக் ‘கட்டம்’ என்று முன்பே முடிவு செய்ததை இங்கும் வைத்துக்கொள்கிறேன்.) லினக்ஸின் பழைய கோப்பு முறைமையான இஎக்ஸ்டி3 இந்த ஒவ்வொரு கட்டத்தின் எண்ணையும் தனித்தனியாக எழுதி வைக்கும். எண் ஒன்றுக்கு 4 பைட் என்றால் அந்தப் பட்டியல் மட்டுமே 40 எம்பி. கோப்பை அழிக்கும்போதும் அத்தனையையும் படித்தாக வேண்டும். பெரிய வீடியோவை அழிக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு அந்த வலி தெரியும்.

எக்ஸ்டென்ட் முறையில் அப்படி இல்லை. ‘இந்தக் கட்டத்தில் தொடங்கி, இடைவெளி இல்லாமல் இத்தனை கட்டங்கள்’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். இஎக்ஸ்டி3-க்கு அடுத்து வந்த இஎக்ஸ்டி4-இல் அப்படி ஒரு வரி 128 எம்பி வரை கொள்ளும். வட்டில் இடம் ஒழுங்காக இருந்தால் நம் வீடியோவுக்கு 320 வரிகள் போதும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையில் ஒரு வரி ஏறத்தாழ 8 ஜிபி வரை போகும். அதே வீடியோவின் வரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1993-இல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் பெரிய கோப்புகளை மனதில் வைத்து வடிவமைக்கத் தொடங்கியது அது. நானும் வீடியோ வட்டுக்கு அதைத்தான் பரிந்துரைக்கிறேன். அதில் ஒருமுறை உருவாக்கிய பகிர்வை (வட்டில் பிரித்து ஒதுக்கிய பகுதியை) பின்னால் சுருக்குவது நடைமுறையில் முடியாது என்ற எச்சரிக்கையையும் அத்தியாயத்தில் சேர்த்திருக்கிறேன்.

ஆக, சொல்லில் வர வேண்டியது அளவு மட்டும் அல்ல, இடைவெளி இல்லாமை. அது விடுபட்டால் சொல் வந்தும் பயனில்லை.

> நிலப் பத்திரத்தில் எக்ஸ்டென்ட் என்பதைப் ‘பரப்பு’, ‘விஸ்தீரணம்’ என்றுதான் எழுதுகிறார்கள். அதையே எடுத்துக்கொள்வோம்.

நிலத்துக்கு அது சரி. ஆனால் பரப்பு என்றால் எவ்வளவு என்பது மட்டும்தான் தெரியும். மூன்று ஏக்கர் மூன்று இடத்தில் கிடந்தாலும் பரப்பு மூன்று ஏக்கர்தான்.

நிலம் என்றதும் எனக்கு ‘தாக்கு’ நினைவுக்கு வந்தது. ஒன்றுசேர்ந்து கிடக்கும் வயலை ‘ஒரே தாக்காக இருக்கிறது’ என்பார்கள். பொருள் அப்படியே பொருந்துகிறது. இரண்டு நாள் அந்தச் சொல்லை விட மனமே வரவில்லை. ஆனால் கணினியில் ‘தாக்கு’ என்றால் எல்லோருக்கும் வைரஸ் தாக்குதல்தான் ஞாபகம் வரும். வட்டில் 320 தாக்குகள் என்று திரையில் கண்டால் பயந்துவிடுவார்கள். மனமில்லாமல்தான் கைவிடுகிறேன்.

அதனால் என் முன்மொழிவு: தொடரிடம். தொடர்ந்த இடம், தொடர்கின்ற இடம், தொடரும் இடம் என்று மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. மற்ற சொற்களோடு சேர்த்தும் பார்த்தேன். இஎக்ஸ்டி4-இல் கோப்பைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் குறிப்பான ஐநோடுக்குள்ளேயே நான்கு தொடரிடங்கள் அடங்கும். அதற்கு மேல் போனால் அவற்றைக் கிளைகிளையாக அடுக்கும் தொடரிட மரம். பதிவு செய்யும் முன்பே இடத்தைப் பிடித்து வைத்து இன்னும் எதுவும் எழுதாமல் இருந்தால் அது எழுதாத தொடரிடம். ‘எழுதாத நீட்சி’ என்று சொல்லிப் பாருங்கள், என்னவென்றே புரியாது.

ஒரு கோப்பு எத்தனை துண்டாகக் கிடக்கிறது என்று காட்டும் ஃபைல்ஃப்ராக் கட்டளை தரும் விடையையும் மொழிபெயர்த்தேன்: ‘கோப்பில் 3 தொடரிடங்கள் உள்ளன’. எண்ணிக்கை கூடக் கூட கோப்பு சிதறிக் கிடக்கிறது என்பது விளக்கம் இல்லாமலே புரிகிறது.

> எக்ஸ்டென்ட் என்றே எழுதிவிட்டால் என்ன?

கணினி படித்தவர்களுக்கு அது போதும். இந்தக் கையேட்டைப் படிக்கப்போகிறவர் கேமராவும் எடிட்டிங்கும் தெரிந்தவர். எக்ஸ்டென்ட் அவருக்கும் புதுச் சொல்தான். இரண்டுமே புதிது என்றால், பார்த்ததும் பொருள் தெரிகிற சொல்லைக் கொடுப்போமே. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘எக்ஸ்டென்ட் எனப்படும் தொடரிடம்’ என்று எழுதுகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. வேகமாகப் படித்தால் ‘தொடர்பிடம்’ என்று கண்ணில் படுமோ? அச்சுப் படி பார்க்கிறவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு அத்தியாயத்தை அனுப்ப வேண்டும். மறுப்போ இதைவிட நல்ல சொல்லோ இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்.