நீச்சலுடை: மார்புக்குச் சரியாக இருந்தால் தோளில் இழுக்கிறது, தோளுக்குச் சரியாக இருந்தால் மார்பில் தொளதொளக்கிறது

கரையில் நிற்பவள்:

வணக்கம். எனக்கு வயது 39. இரண்டு பிள்ளைகள், இரண்டுமே அறுவை சிகிச்சைப் பிரசவம். முதுகுவலிக்கு நீந்திப் பாருங்கள் என்று மருத்துவர் சொல்லி ஓராண்டு தள்ளிப்போட்டுவிட்டு, சென்ற மாதம்தான் சென்னையில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள நீச்சல்குளத்தில் பெண்களுக்கான காலை வகுப்பில் சேர்ந்தேன். பருத்தி உடையுடன் அங்கே தண்ணீரில் இறங்க முடியாது. நைலான் அல்லது லைக்ரா துணியில் தைத்த நீச்சலுடையும் தலையுறையும் கட்டாயம். தலையுறையில் எனக்குச் சிக்கல் இல்லை.

என் உயரம் 170 செ.மீ., மார்பு 98, இடை 86, இடுப்பு 108. மார்பளவை வைத்து எக்ஸ்எல் அளவில், தொடைவரை கால் வைத்து மேலே பாவாடை போலச் சுருக்கம் தைத்த ஃபிராக் மாதிரியை இணையத்தில் வாங்கினேன். மார்பும் இடையும் பொருந்தின; ஆனால் அரை மணி நேரத்தில் தோள்பட்டை சிவந்து தடம் விழுந்தது, கையை உயர்த்தும்போதெல்லாம் கீழே பிடித்து இழுத்தது. அதனால் அடுத்த அளவுக்கு மாறினேன். இழுப்பது நின்றது, ஆனால் கழுத்து விரிந்து, சுவரை உதைத்துப் புறப்படும் ஒவ்வொரு முறையும் உள்ளே தண்ணீர் நிறைகிறது. பாவாடையோ நீரில் குடை போல விரிந்து மேலே வந்துவிடுகிறது.

இணையக் கட்டுரைகளில் பேரிக்காய் உடல், ஆப்பிள் உடல், மணற்கடிகார உடல் என்று பிரித்து, எனக்கு மேலே பளிச்சென்ற நிறமும் கீழே கருப்பும் வேண்டும் என்கிறார்கள். அந்தப் பிரிவுகளை நம்பி வாங்கலாமா? தழும்புக்குக் கீழே மடியும் வயிற்றுப் பகுதியும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. “இந்த வயதில் யார் பார்க்கப்போகிறார்கள்” என்று என் நாத்தனார் கேட்கிறார். நான் பார்க்கிறேனே! பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும், நீந்தவும் வசதியாக இருக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

நீரோட்டம்:

நான் பதினோரு ஆண்டுகளாக நீந்துகிறேன். நான்கு ஆண்டுகளாக, வளர்ந்த பிறகு நீச்சல் கற்க வரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். நீங்கள் கொடுத்த எண்களில் இந்த உடைக்கு மிகவும் தேவையான எண் இல்லை. இழுக்கும் இடமும் தடம் விழும் இடமும் உங்களுக்கு உயரவாக்கில்தான் துணி போதவில்லை என்று காட்டுகின்றன. நீங்கள் அதற்கு மருந்தாகச் சுற்றளவைக் கூட்டிவிட்டீர்கள், ஆகவே மார்பில் தொளதொளப்பு வந்தது.

டேப்பை ஒரு தோளின் நடுவில் வைத்து, மார்பின் மேல் முனை வழியாக இறக்கி, கால்களுக்கிடையே கொண்டுபோய், முதுகு வழியாக ஏற்றி அதே இடத்தில் சேருங்கள். டேப் உடலை ஒட்டிச் செல்ல வேண்டும், அழுத்தக்கூடாது. கண்ணாடி முன் நின்று, இன்னொருவரின் துணையோடு அளப்பது நல்லது. கடைக்காரர்கள் இதை டார்சோ அளவு என்பார்கள். ஒரே உயரமுள்ள இரண்டு பெண்களில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் மற்றவருக்கு உடல் நீளமாகவும் இருக்கும். சுடிதாரில் தெரியாத அந்த வேறுபாடு, தோளையும் கவட்டையும் ஒரே துணியால் இணைக்கும் ஒற்றைத்துண்டு நீச்சலுடையில் உடனே தெரிந்துவிடும்.

போட்டுப் பார்க்கும்போது (சுகாதாரத்துக்காக உள்ளாடைக்கு மேல்தான் போட்டுப் பார்க்க வேண்டும்) கண்ணாடி முன் அசையாமல் நிற்பதால் பயனில்லை. இரு கைகளையும் காதோடு ஒட்டி உயர்த்துங்கள், முழுதாகக் குந்தி எழுங்கள், குனிந்து கால்விரலைத் தொடுங்கள். தோள்பட்டிக்கு அடியில் இரண்டு விரல் சிரமமின்றி நுழைய வேண்டும், ஆனால் பட்டி தானாகச் சரியக்கூடாது. குனியும்போது கழுத்துக்கும் மார்புக்கும் இடையே இடைவெளி தெரிந்தால் தண்ணீரில் அது இன்னும் பெரிதாகும், ஏனெனில் நனைந்த துணி கடையில் இருப்பதைவிடத் தளர்ந்தே இருக்கும். கடையில் “கொஞ்சம் இறுக்கம், ஆனால் மூச்சு தாராளம்” என்று தோன்றுவதே சரியான அளவு.

பனியன் ஊர்க்காரன்:

திருப்பூரில் பின்னலாடை மாதிரி வெட்டும் வேலையில் இருபது ஆண்டுகள் இருக்கிறேன். அதில் சில ஆண்டுகள் நீச்சலுடை ஆர்டர்களும் வெட்டியிருக்கிறேன். மேலே அந்தச் சகோதரி சொன்னதை வெட்டும் மேசையின் பக்கமிருந்து விளக்குகிறேன்.

ஒரு மாதிரியை நாங்கள் நடுத்தர அளவில் உருவாக்கி, அதிலிருந்து மற்ற அளவுகளைப் படிப்படியாகக் கூட்டியும் குறைத்தும் எடுக்கிறோம். எல்லிலிருந்து எக்ஸ்எல்லுக்குப் போகும்போது அகலம் கூடும் அளவுக்கு நீளம் கூடாது, ஏனெனில் பருத்தவரெல்லாம் உயரமானவர் அல்லர். ஆகவே நெடிய உடல்வாகு உள்ளவர் நீளத்துக்காக அளவை ஏற்றினால், வேண்டாத அகலத்தையும் சேர்த்தே வாங்க நேரிடும். நீள உடலுக்கென்று தனி வரிசையில் சில நிறுவனங்கள் தருகின்றன. விவரக் குறிப்பில் லாங் டார்சோ என்று இருக்கிறதா என்று பாருங்கள். தோள்பட்டியில் சரிசெய்யும் வளையம் இருந்தால் சில சென்டிமீட்டர் கிடைக்கும். ஆனால் பட்டியை நீட்ட நீட்டக் கழுத்தும் அக்குளும் கீழே இறங்கும் என்பதால் அதற்கு எல்லை உண்டு.

அடுத்தது துணி. உள்ளே தைத்திருக்கும் துண்டுச்சீட்டைப் படிக்காமல் வாங்காதீர்கள். நைலானுடன் 18 முதல் 20 விழுக்காடு எலாஸ்டேன் கலந்த துணி (லைக்ரா என்பது அந்த இழையின் வணிகப் பெயர்களில் ஒன்று) மிருதுவாக இருக்கும், நன்றாக நீளும், உடம்பின் வளைவுக்கு இசைந்து கொடுக்கும். ஆனால் குளத்துக் குளோரின் எலாஸ்டேனைத்தான் முதலில் தின்னும். வாரம் நான்கு நாள் நீந்துகிறவருக்குச் சில மாதங்களிலேயே பின்புறம் மெலிந்து தொங்கிவிடும். பாலியெஸ்டருடன் பிபிடி என்ற இழையைக் கலந்து பின்னும் துணி குளோரினை நெடுநாள் தாங்கும். ஆனால் அது அவ்வளவு நீளாது என்பதால் அளவில் சிறு பிழை இருந்தாலும் உடம்பு உணர்ந்துவிடும். உங்களைப் போல் மார்புக்கும் இடுப்புக்கும் 10 செ.மீ. வேறுபாடு உள்ளவர், முதல் உடையை நைலான் கலவையில் வாங்கி, அளவு பிடிபட்ட பிறகு பிபிடிக்கு மாறுவதே என் யோசனை.

வயிற்றைப் பற்றிச் சொன்னீர்கள். அதற்கு வேண்டியது நிறமோ அச்சோ அன்று, உள்துணி. முன்பக்கம் முழுவதும் பவர் மெஷ் எனப்படும் இறுக்கமான வலைத்துணி உள்ளே தைத்திருக்கிறதா என்று உடையைப் புரட்டிப் பாருங்கள். மார்புக்கு மட்டும் உள்துணி வைத்து, வயிற்றை ஒற்றைத் துணியில் விட்டிருந்தால் நனைந்ததும் மடிப்பெல்லாம் அப்படியே பதியும். தழும்பின் மேல் தையல் குறுக்கே ஓடக்கூடாது; ஓடினால் அது ஃபிளாட்லாக் தையலாக, தடவினால் மேடு தெரியாததாக இருக்க வேண்டும். வெள்ளை, வெளிர்பச்சை போன்ற வெளிர் நிறங்களில் ஆசை இருந்தால், உள்ளே இருப்பது தெரிகிறதா என்று துணியை விரல்களில் இழுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பாவாடை மாதிரியை நான் நிறைய வெட்டியிருக்கிறேன் என்றாலும் பரிந்துரைக்க மாட்டேன். நீரில் அது பாரம், இழுவை. கரையிலோ அதன் ஓரம் தொடையின் மிக அகன்ற இடத்தில் வந்து முடிவதால், எதை மறைக்க நினைத்தோமோ அதற்கே அடிக்கோடு போட்டுவிடும்.

தீவுக்காரி:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே பொதுக் குளங்களில் எல்லா வயதுப் பெண்களையும் எல்லா வகை உடையிலும் பார்க்கலாம்; ஒற்றைத்துண்டு, முழங்கால் வரையிலானது, முழுக்கை வைத்தது, ஆஸ்திரேலியாவில் அஹெடா ஸனெட்டி 2004ஆம் ஆண்டில் வடிவமைத்த, முகம், கை, பாதம் தவிர உடலை மூடும் புர்கினி, அதன் வழிவந்த மாதிரிகள், எல்லாமும். ஆகவே எந்த வெட்டு யாருக்கு எப்படி இருக்கிறது என்று கவனிக்க எனக்கு நிறைய வாய்ப்பு.

பேரிக்காய், ஆப்பிள் என்ற பிரிவுகளை நம்பலாமா என்று கேட்டீர்கள். அந்தப் பழப் பெயர்கள் பயனற்றவை என்பதே என் கருத்து, ஆனால் தோற்றத்தை முழுவதும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கண் கோடுகளைப் பின்தொடரும். உடையின் ஓரம் எங்கே முடிகிறதோ அங்கே பார்வை நிற்கும். அந்த ஓரம் தொடை மெலியத் தொடங்கும் இடத்தில், அதாவது முழங்காலுக்கு ஒரு சாண் மேலே அமைந்தால் கால் நீளமாகத் தெரியும். இரு பக்கவாட்டிலும் மேலிருந்து கீழாக அடர்நிறப் பட்டை ஓடும் மாதிரி, இடையை உள்வாங்கிக் காட்டும். இடுப்பு அகன்றவர்களுக்குப் பட்டிகள் தோளின் ஓரத்தை ஒட்டி விலகி அமைந்த அகன்ற கழுத்து, மேல்பாதிக்கும் ஓர் அகலத்தைக் கொடுத்துச் சமன் செய்யும். பிடரியில் முடிச்சிடும் ஹால்ட்டர் கழுத்து கடற்கரைப் புகைப்படத்துக்கு அழகுதான். ஆனால் மார்பின் எடை முழுவதையும் கழுத்தில் ஏற்றிவிடும் என்பதால் முதுகுவலிக்காக நீந்துகிறவருக்கு வேண்டவே வேண்டாம். முதுகில் பட்டிகள் குறுக்காக இணையும் மாதிரி, எடையைப் பகிர்ந்துகொள்ளும், சரியவும் சரியாது.

தொடையை மூடும் நீள உடையைக் கூச்ச உடை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 2010 முதல் உலகப் போட்டி விதிகளே பெண்களின் பந்தய உடைக்குத் தோள் முதல் முழங்கால் வரை இடம் தருகின்றன. ஒலிம்பிக் வீராங்கனைகள் அணிவது பெரும்பாலும் அந்த முழங்கால் உடையைத்தான். ஆகவே அதைத் தயங்காமல் அணியலாம்.

உங்கள் நிலையில் நான் இரண்டு துண்டு உடையைத்தான் தேடுவேன். பிகினியைச் சொல்லவில்லை. இடுப்பு வரை இறங்கும் மேல்சட்டையும், உயர்ந்த இடைப்பட்டை கொண்ட காற்சட்டையும் சேர்ந்த டேங்கினியைச் சொல்கிறேன். தோளையும் கவட்டையும் இணைக்கும் துணியே இல்லாததால் நீளச் சிக்கல் அங்கேயே தீர்ந்தது. மேலே ஓர் அளவும் கீழே ஓர் அளவும் வாங்கலாம், கழிப்பறைக்குப் போவதும் எளிது.

வெந்நீர்ப் பிரியை:

தீவுக்காரி அக்கா, டேங்கினி நடைப்பயிற்சி போலத் தண்ணீரில் நடப்பவர்களுக்குச் சரி. நான் அணிந்து பார்த்தேன். மல்லாந்து மிதக்கும்போதும் தலைகீழாகத் திரும்பும்போதும் மேல்சட்டை மார்புவரை ஏறிவிட்டது. முன்புறமும் பின்புறமும் கொக்கி அல்லது வளையம் வைத்து இரண்டையும் பிணைக்காவிட்டால், பாவாடைக்குப் பதில் சட்டை குடையாகும், அவ்வளவுதான்.

கரையில் நிற்பவள்:

அனைவருக்கும் நன்றி. என் மகளை உதவிக்கு வைத்து அளந்தேன்: டார்சோ 171 செ.மீ. நான் வாங்கிய நிறுவனத்தின் அட்டவணையைத் தேடிப் பார்த்தபோது எக்ஸ்எல்லுக்கு 162 என்றும் அடுத்த அளவுக்கு 167 என்றும் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். முன்பே படித்திருந்தால் இரண்டு முறை பொட்டலம் கட்டித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டாம்.

சனிக்கிழமை கடைக்குப் போய் ஏழு உடைகளைப் போட்டுப் பார்த்தேன். குந்தி எழச் சொன்னது நல்ல சோதனை; நிற்கும்போது அழகாக இருந்த மூன்று உடைகள் அதில் தோற்றன. நீள உடலுக்கான ஒற்றைத்துண்டு அங்கே இல்லை. கடைசியில் முதுகில் பட்டி குறுக்காக இணையும் மேல்சட்டையை எக்ஸ்எல்லிலும், தொடையின் கீழ்ப்பாதி வரை வரும் காற்சட்டையை அதற்கடுத்த அளவிலும் எடுத்தேன். இரண்டும் கருநீலம், பக்கவாட்டுப் பட்டை மட்டும் கத்தரிப்பூ நிறம். காற்சட்டையின் முன்பக்கத்தில் வலைத்துணி இருக்கிறது, இடைப்பட்டை தழும்புக்கு நான்கு விரல் மேலே அமர்கிறது. நேற்று முதன்முறையாகத் தோளைத் தடவாமல் வகுப்பை முடித்தேன். ஆனால் வெந்நீர்ப் பிரியை சொன்னது உண்மை: மல்லாந்தபோது சட்டை ஏறத்தான் செய்தது. எங்கள் தெருத் தையற்காரரிடம் நான்கு வளையங்களும் கொக்கிகளும் தைக்கக் கொடுக்கலாமா? துணி கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. துவைப்பது பற்றியும் சொன்னால் நல்லது. இதுவரை மற்ற துணிகளோடு இயந்திரத்தில்தான் போட்டுவந்தேன்.

பனியன் ஊர்க்காரன்:

தாராளமாகத் தைக்கலாம், ஆனால் தையற்காரர் ஜாக்கெட் தைக்கும் கூர்முனை ஊசியால் தைத்தால் பின்னலின் கண் அறுந்து ஓட்டை விழும். பின்னலாடைக்கான, முனை உருண்ட பால் பாயின்ட் ஊசி மாட்டி, பாலியெஸ்டர் நூலில், ஜிக்ஜாக் தையலாகப் போடச் சொல்லுங்கள். நேர்தையல் துணியோடு நீளாமல் அறுந்துவிடும். வளையத்தைத் துணியின் நடுவில் வைக்காமல், இரண்டு பக்கத் தையல் கோடுகளிலும் முன்பின் நடுவிலும், ஏற்கெனவே மடித்துத் தடித்திருக்கும் ஓரத்தின் உட்புறத்தில் வையுங்கள். கொக்கி இரும்பாக இருந்தால் துருவேறும், பிளாஸ்டிக்கே போதும்.

இயந்திரத்தில் இனிப் போடாதீர்கள். குளத்திலிருந்து வந்ததும், அங்கேயே குழாயடியில் என்றால் இன்னும் நல்லது, சாதாரணத் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்கப்போட்டு உலர்த்துங்கள். சென்னை மொட்டைமாடி வெயில் குளோரினுக்குச் சளைத்ததன்று. பிளீச்சிங், சூடான நீர், இஸ்திரிப்பெட்டி மூன்றும் எலாஸ்டேனுக்கு எதிரிகள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு குளத்துக்குப் போகிற வழக்கம் இருந்தால், ரப்பர் எலாஸ்டிக் வைத்த ஓரங்கள் அதில் ஊறித் தளர்ந்துபோகும், கவனியுங்கள். வாரம் நான்கு நாள் வகுப்பு என்றால் இன்னொரு காற்சட்டையும் வாங்கி மாற்றி மாற்றி அணியுங்கள். இரண்டு பயன்பாடுகளுக்கு இடையே ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் துணி தன் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் இருக்கும்.