பரவைக்கடலும் நாங்களும்: நட்டது, பொறுக்கினது, கோட்டை விட்டது

அராலிவெளி:

எங்கள் யாழ்ப்பாணப் பரவைக்கடலின், அதாவது நிலத்துக்குள் புகுந்து கிடக்கிற ஆழமில்லாத கடலின், கரையைக் காப்பாற்றுகிற வேலையில் எப்போதாவது கை வைத்தவர்கள் உங்கள் அனுபவத்தை இங்கே எழுதுங்கள். வெற்றிக் கதைகள் முகநூலில் படத்தோடு நிறையக் கிடக்கின்றன, அதனால் கோட்டை விட்ட கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதலில் என் மானம் போன கதை.

யூலை 26 உலகக் கண்டல் நாள். கண்டல் என்றால் கடலோரச் சேற்றில் நிற்கிற மரம். இருபது பேரளவில் சேர்ந்து, ரீசேட் அடித்து, பதாகை கட்டி, சாக்கில் கண்டல் காய் கொண்டுபோய் அராலிப் பக்கச் சேற்றில் நட்டோம். காய் முருங்கைக்காய் மாதிரி நீளமாக, ஒரு முனை கூராக இருக்கும். சேற்றில் குத்தினால் வேலை முடிந்தது. குனிந்து குத்தி, நிமிர்ந்து படம் எடுத்து, திரும்பக் குனிந்து, அரை நாளில் அறுநூறு முடித்துவிட்டோம்.

கரையில் சைக்கிளை ஊன்றிக்கொண்டு ஒரு ஐயா பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பியவை, உது ஓரா மீன் மேயிற இடம். உதுக்குள்ள நட்டா நிக்காது." நான், "நிக்கும் ஐயா, இருந்து பாருங்கோ" என்றேன். அவர் மறுமொழி சொல்லாமல் பெடலை மிதித்துப் போய்விட்டார்.

யூலை எங்களுக்கு என்ன காலம்? சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, பேயாட்டம் ஆடுகிற காலம். மழையைக் கண்டு மாதக்கணக்கு ஆகியிருக்கும். எங்கள் பக்கத்தில் ஆறு என்று சொல்ல இருப்பது வழுக்கையாறு ஒன்று, அதுவும் மாரியில் மட்டும் ஓடி அராலியில் வந்து விழும். வெயிலில் தண்ணீர் வற்றி உப்பு ஏறி, கரையில் நடந்தால் காலுக்குக் கீழே உப்புப் பொருக்கு நொறுங்கும். உலகத்துக்கு வைத்த நாளை எங்கள் காலநிலையோடு பொருத்திப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, நான் படித்ததோ விஞ்ஞானம். கார்த்திகையில் போய் எண்ணினோம். பதினொன்று நின்றது.

பிறகு தேடி வாசித்ததில் கொஞ்சம் ஆறுதல், கொஞ்சம் வயிற்றெரிச்சல். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். 1000 ஹெக்டேருக்கு மேல் நட்டதில் தப்பினது 200 சொச்சம். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட இல்லை. பிழையான இடம், பிழையான இனம், நட்ட பிறகு திரும்பிப் பார்க்க ஆளில்லை. மூன்றிலும் எங்களுக்கு முழுப் புள்ளி.

சோளகம்:

அந்த ஐயா சொன்னது நூறு வீதம் சரி. ஓரா மேய்கிறது என்றால் அங்கே சாதாளை என்கிற கடற்புல் இருக்கிறது என்று அர்த்தம், சாதாளை இருந்தால் தண்ணீர் வற்றாமல் நிற்கிற இடம் என்று அர்த்தம். எப்போதும் தண்ணீருக்குள் நின்றால் கன்று மூச்சு முட்டிச் செத்துப்போகும். அதோடு சாதாளைதான் இறால் குஞ்சுக்கும் நண்டுக் குஞ்சுக்கும் வீடு, அதற்கு மேலே ஏறி நின்று மரம் நட்டால் இருந்ததும் கெட்டுப்போகும்.

இன்னொன்று. ஏன் எல்லோரும் இந்த நீளக் காய்க் கண்டலையே நடுகிறார்கள்? காய் பெரிது, கையில் பிடிக்க வசதி, படத்தில் வடிவாகத் தெரியும். எங்கள் உப்புக்கும் வெயிலுக்கும் அதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது கண்ணா என்கிற வேறு இனம். அதன் இலையை ஒருமுறை நக்கிப் பாருங்கள், கரிக்கும். உறிஞ்சின உப்பை இலையாலேயே வெளியே தள்ளிவிடுகிற மரம் அது.

சரி, என் கதை. நாங்கள் மீன்பிடித் தொழில் குடும்பம், நான் மட்டும் கந்தோர் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் மீனவர் சங்கத்தில் கதைத்து, ஞாயிறு தொழிலுக்குப் போகாத நாள் என்பதால் மூன்று வள்ளத்தில் போய், கடலுக்குள் அறுந்து கிடக்கிற வலைகளை எடுக்கலாம் என்று முடிவானது. கிணற்றில் வாளி எடுக்கிற பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி இழுத்தோம். சிரிக்காதீர்கள், அதைவிட நல்ல சாமான் இல்லை. பரவைக்கடல் 400 சதுர கிலோமீற்றர் சொச்சம், ஆனால் ஆழம் கனக்க இடத்தில் ஆள் நிற்கிற அளவுதான், அதனால் கரண்டி அடியில் உரசுகிறது கைக்கே தெரியும்.

முதல் இழுவையிலேயே தங்கூசி வலை ஒரு பந்தாக வந்தது. நைலோனில் கெட்டது இதுதான், உக்காது, தண்ணீருக்குள் கண்ணுக்கும் தெரியாது. ஆள் இல்லாமலேயே அது பாட்டுக்கு மீன் பிடித்துக்கொண்டு கிடக்கும். உள்ளே வெறும் நண்டுக் கோது நிறைய, ஒரு திருக்கை பாதி உயிரோடு. சித்தப்பா கத்தியால் ஒவ்வொரு கண்ணாக அறுத்து அதை விட்டார். அப்புறம் வலையின் மேல் கயிற்றைப் பார்த்தேன். மிதப்புக்கு நீலச் செருப்பை வெட்டி, நடுவில் சூட்டுக்கம்பியால் ஓட்டை போட்டுக் கோத்திருந்தது. அப்படி வெட்டுகிற ஆள் எங்கள் துறையில் ஒருவர்தான். சித்தப்பாவும் பார்த்தார். நானும் பார்த்தேன். இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை, அவர் செருப்புத் துண்டுகளை மட்டும் கழற்றிச் சாரத்தில் முடிந்துகொண்டார்.

எடுத்த வலை சங்கக் கொட்டிலுக்குப் பின்னால் இரண்டு மாதம் கிடந்தது. கொண்டுபோக ஒருவரும் இல்லை. ஒரு நாள் யாரோ நெருப்பு வைத்துவிட்டார்கள், அந்த நாற்றத்துக்கு ஊரே எங்களைத் திட்டியது.

அக்கரையிலிருந்து, இந்தியப் பக்கத்திலிருந்து, வருகிற இழுவைப்படகைத் திட்டுகிறோம், திட்டத்தான் வேண்டும். ஆனால் 2017இல் கடலடியை வாரி இழுக்கிற இழுவைமடித் தொழிலைத் தடுத்த இலங்கைச் சட்டம் எங்கள் ஆட்களுக்கும் சேர்த்துத்தான். சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னால் எனக்கு மட்டும் தேத்தண்ணி வராது.

நண்டுக்காரி:

சோளகம் தம்பி, சித்தப்பாவின் செருப்பை ஊருக்கே காட்டிவிட்டீர்கள்.

நான் வலையில் நண்டு கழற்றுகிற ஆள். விடிய நாலரைக்குக் கரைக்குப் போனால் ஒன்பது, பத்து மணி மட்டும் அதே வேலை. கழற்றின கிலோவுக்குக் காசு. நீலக்கால் நண்டு கால் முறியாமல் வரவேண்டும், முறிந்தால் விலை விழும், கடித்தால் எங்கள் விரல். சினை நண்டு வந்தால் பார்த்தவுடனே தெரியும், வயிற்றுக்குக் கீழே பஞ்சு அடைத்த மாதிரி. முதலில் தோடம்பழ நிறம், பொரிக்கிற நேரம் கிட்டக் கிட்ட மண்ணிறமாகிக் கறுத்துவரும். கறுத்தது என்றால் இன்னும் கொஞ்ச நாளில் கடலுக்குள் குஞ்சு போகப்போகிறது.

எங்கள் கரையில் சினை நண்டைத் திரும்ப விடுவது என்று சங்கம் தீர்மானம் எடுத்தது. கேட்க நல்லது. வலைக்காரருக்கு நட்டம், கழற்றுகிற எங்களுக்கும் அந்த நிறை இல்லை. அதைவிட, கரைக்குக் கொண்டுவந்த பிறகு விட்டால் பாதி தப்பாது, வெயிலில் வள்ளத்தின் அடியில் கிடந்து வாயில் நுரை தள்ளிக்கொண்டு வரும். அதனால் நாங்கள் ஐந்தாறு பெண்கள் ஒரு வேலை செய்தோம். வள்ளத்துக்கு ஒரு வாளி கொடுத்துவிட்டோம், பெயின்ற் வாளிதான், கழுவினது. கறுத்த சினை கண்டால் வலையில் இருந்து அங்கேயே கழற்றி, கடல் தண்ணீர் நிரப்பி வைத்து, ஆழப் பக்கத்தில் விட்டுவிட்டு வாருங்கள் என்றோம். சில பேர் செய்கிறார்கள். ஒரு அண்ணை வாளியைக் கொண்டுபோய் வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டார். கேட்டால், "பிள்ளை, மாடும் சீவன்தானே" என்கிறார்.

சினை நண்டை வாங்கமாட்டோம் என்று வாங்குகிறவர்கள் சொன்னாலே போதும், தீர்மானம் ஒன்றும் தேவையில்லை. ஆனால் கூட்டத்துக்கு அவர்களைக் கூப்பிட ஒருவருக்கும் துணிவில்லை. முன்பணம் அவர்களிடம் அல்லவா வாங்கியிருக்கிறோம்.

பண்ணைப்பாலம்:

நான் ரவுண் பெடியன், கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது, குப்பையைப் பற்றித் தெரியும்.

செப்ரெம்பர் மூன்றாம் சனி உலகம் முழுக்கக் கரை துப்புரவு நடக்கும் நாள். யாழ் நகரத்துப் பண்ணைக் கரையில் நாங்களும் இறங்கினோம். லஞ்ச்சீற், யோகட் கோப்பை, சோடாப் போத்தல், குழந்தைப் பம்பர்ஸ், சாமிக்குப் போட்ட மாலையின் நூல். உர பாக்கில் கட்டி அடுக்கினோம். மூன்று கிழமை கழித்து முதல் மழை பெய்தது, அடுத்த நாள் போனால் நாங்கள் பொறுக்கின அதே சாமான் அதே இடத்தில், எங்களைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. நகரத்து வாய்க்கால்கள் முடிகிற இடம் கடல், அதை நினைக்காமல் கரையை மட்டும் கூட்டியிருக்கிறோம்.

அடுத்த முறை கெட்டித்தனமாகச் செய்வதாக நினைத்துக்கொண்டு, எங்கள் ஒழுங்கை வாய்க்கால் வாயில் கம்பி வலை அடித்தோம். குப்பை நன்றாகத்தான் தடுபட்டது. ஐப்பசி மழையில் தண்ணீரும் தடுபட்டு ஒழுங்கை முழுக்க முழங்கால் அளவுக்கு ஏறிவிட்டது. இரவு இரண்டு மணிக்கு அம்மா ரோர்ச் பிடிக்க, நான் குறட்டோடு இறங்கி வலையை வெட்டினேன். அம்மா திட்டினதை இங்கே எழுத முடியாது. இப்போது வலையைப் பிணைச்சல் போட்டுக் கதவு மாதிரி வைத்திருக்கிறோம், மழை தூறினால் யாராவது போய்த் திறக்கவேண்டும், கிழமைக்கு இரண்டு முறை வாரவேண்டும். முறைக்கு ஆள் போட்டிருக்கிறோம். முறை வருகிறவருக்கு அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல் வரும்.

பனிக்குள்ள:

ரொறன்ரோவில் இருந்து வாசிக்கிறேன், நாவாந்துறையில் பிறந்தவன். இதற்குக் காசு அனுப்பலாமா? எவ்வளவு?

நண்டுக்காரி:

வாளி அனுப்புங்கோ அண்ணை. மூடி போட்டது.

தீவான்:

எங்கள் பக்கத்துக் கதை வேறு. 2025 மே மாதம் கேரளக் கரையில் ஒரு கொள்கலன் கப்பல் மூழ்கினது ஞாபகம் இருக்கும். யூனில் அதிலிருந்த பிளாஸ்ரிக் மணிகள் எங்கள் வடக்குக் கரைகளுக்கும் வந்து சேர்ந்தன. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது மேற்குக் கரை பட்ட பாட்டை ரீவியில் பார்த்து உச்சுக்கொட்டினோம், இந்த முறை சோளகம் எங்களுக்குக் கொண்டுவந்து தந்தது. பருப்பு அளவு, வெள்ளை, தூரத்தில் பார்த்தால் சவ்வரிசி கொட்டின மாதிரி.

கையால் பொறுக்கினால் ஒரு நாளில் ஒரு போத்தல் நிரம்பாது. மாமி வீட்டிலிருந்து மா அரிக்கிற அரிதட்டைக் கொண்டுவந்தார், கண் பெரிதாக உள்ள பழையது. ஈர மணல் அடைத்துக்கொண்டது. பிறகுதான் வாளியில் கடல் தண்ணீர் எடுத்து மணலைக் கொட்டிக் கலக்கிப் பார்த்தோம், மணல் கீழே போக மணி மேலே மிதந்தது, அரிதட்டால் அள்ளி எடுத்தோம். சாதாளை ஒதுங்கின இடத்தில்தான் பெரிய கரைச்சல், உள்ளுக்குள் சிக்கிக்கொண்டு வராது. சாதாளையையே அள்ளிக் கொண்டுபோகலாம் என்று ஒருவர் சொன்னார். அது பனந்தோட்டத்துக்குப் பசளை, அதோடு கரை மண்ணைப் பிடித்துவைத்திருப்பதும் அதுதான் என்று மாமி விடவில்லை. அந்த அரிதட்டில் இனிப் பிட்டுக்கு மா அரிக்க முடியாது என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

மண்டைதீவுக் கிரிக்கெட் மைதானம், கடலட்டைப் பண்ணை எல்லாம் எழுதினால் சண்டை வரும் என்று தெரியும். எழுதுகிறேன். 2025 செப்ரெம்பர் முதலாம் திகதி மைதானத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். எனக்கும் கிரிக்கெட் உயிர். ஆனால் மாரியில் தண்ணீர் தங்குகிற நிலம் அது, பூநாரை வந்து நிற்கிற பக்கம். அட்டைப் பண்ணை அப்படியில்லை, அதில் எங்கள் ஆட்களே இரண்டு பக்கம். அண்ணன் பண்ணை போட்டிருக்கிறான், வருமானம் வருகிறது. அவன் அடைத்த இடத்தில் முந்தி மீனுக்குச் சிறகுவலை கட்டி வைத்தவர் எங்கள் பெரியப்பா. பொங்கலுக்கு இரண்டு வீட்டிலும் தனித்தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

அராலிவெளி:

எல்லோருக்கும் நன்றி. பெயின்ற் வாளி யோசனையை எங்கள் சங்கத்திலும் சொல்லியிருக்கிறேன். எங்கள் கதையில் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது.

பதினொன்றும் செத்த பிறகு வெட்கத்தை விட்டு அந்த ஐயாவைத் தேடிப் போனேன். திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். "ஐயா, நிக்கேல்ல" என்றேன். "தெரியும்" என்றார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினது கடலை அல்ல, வெளியைக் குறுக்கறுத்துப் போகிற ஒரு பழைய மண் பாதையை. பாதைக்கு இந்தப் பக்கம் நாலைந்து பெரிய கண்ணா நிற்கிறது. அந்தப் பக்கம் வெறும் உப்பு வெளி. "உங்காலயும் முந்தி காடுதான்" என்றார். நடுவில் தண்ணீர் போய்வர மதகு ஒன்று இருந்து, மூடுபட்டுப் போயிருக்கிறது. நாங்கள் அந்தப் பாதையால் எத்தனை முறை மோட்டார் சைக்கிளில் போயிருக்கிறோம், மதகு இருந்தது ஒருவருக்கும் தெரியாது.

சங்கத்திலும் கிராம சேவையாளரிடமும் சொல்லிவிட்டு, ஆவணி, புரட்டாதியில் ஆறு ஞாயிறு தோண்டினோம். மண், தேங்காய்ச் சிரட்டை, கிழிந்த வலை, ஒரு முழுச் சைக்கிள் ரிம். பதாகை இல்லை, ரீசேட் இல்லை, ஆட்களும் ஏழு பேர்தான். ஐயா ஒவ்வொரு கிழமையும் வந்து மண்வெட்டி பிடிக்கிற விதம் பிழை என்று சொல்லிவிட்டுப் போவார்.

மாரியில் மழைத் தண்ணீர் அந்தப் பக்கத்தால் இறங்கி உப்பைக் கழுவிக்கொண்டு போனது, கடல் ஏறுகிற நேரம் இந்தப் பக்கத்தால் உள்ளே வந்தது. பெரிய மரங்களின் காய், அவரைக்கொட்டை அளவுதான், தண்ணீரோடு மதகுக்குள்ளால் போவதை ஒரு பின்னேரம் குந்தியிருந்து பார்த்தோம். ஒன்றும் நடவில்லை. மாசியில் போனால் அந்த உப்பு வெளியில், தண்ணீர் நின்ற கோடு வழியே, இரண்டு இலை, நாலு இலையாகக் கன்றுகள். எண்ணத் தொடங்கி முந்நூறில் விட்டுவிட்டேன். முந்தி எண்ணின பழக்கத்தில் கைதான் நடுங்கியது.

இப்போது பிரச்சினை கட்டாக்காலி மாடு. கண்ணா இலை உப்பென்றால் அதற்குக் கொள்ளை ஆசை, போன கிழமை ஒரு மூலையை மொட்டையாக்கிவிட்டது. காவோலை வேலி காற்றுக்குத் தாங்கவில்லை. கறளடிக்காத கம்பிக்குக் காசில்லை. யாரிடமாவது பழைய மீன்வலை கிடந்தால் வேலிக்குத் தாருங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம். தங்கூசி வேண்டாம். சோளகம், உங்கள் சித்தப்பாவிடமும் கேட்டுப் பாருங்கள்.