1,033 பேர் நின்ற மொடக்குறிச்சி: வென்றது யார்?

வாய்க்கால்கரை:
ஈரோடு மாவட்டத் தொகுதிகள் பற்றிய பேச்சில் மண்டிக்காரன் அண்ணா, "மொடக்குறிச்சியில் 1996-ல் 1,033 பேர் நின்றதால் விவசாயிக்குக் கால் காசு பயனில்லை" என்று எழுதியிருந்தார். இதைத் தனியாகவே பேசிவிடலாம்.

ஒரே சட்டமன்றத் தொகுதியில் ஆயிரம் பேர் வேட்புமனு போடுகிறார்கள் என்றால், அதற்கு முன் எத்தனை கோரிக்கை மனுக்கள் குப்பைக்குப் போயிருக்கும்? பாசனக் குறைகளைக் கேட்க ஆளில்லாததால்தான் விவசாயிகள் தேர்தலையே மேடையாக்கினார்கள். டெபாசிட் அப்போது 250 ரூபாய். அதைக் கட்டி நின்றதும் வாக்குப்பதிவைத் தள்ளிவைக்க வேண்டி வந்தது, வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்தது. சாலை மறியல் செய்திருந்தால் மறுநாளே மறந்திருப்பார்கள். இதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மண்டிக்காரன்:
பேசிக்கொண்டிருக்கிறோம், சரி. கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்பதுதான் என் கேள்வி.

நின்றவர்களில் 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். தமிழ்நாடு முழுக்க அந்த அணிக்கு அலை அடித்த வருடம் அது, யாரும் நிற்காமல் இருந்திருந்தாலும் அதே முடிவுதான். நிஜமாக மாறியது சட்டம். அதே 1996-ல் சட்டமன்ற டெபாசிட்டை 250-லிருந்து 5,000 ஆக்கினார்கள். சுயேச்சையை முன்மொழிய 10 வாக்காளர்கள் வேண்டும் என்றார்கள். இன்று டெபாசிட் 10,000. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் அதுவும் திரும்பி வராது. இரண்டு ஏக்கர் மஞ்சள் வைத்திருப்பவர் இனி துணிந்து நிற்பாரா? நம் ஊர்க்காரர்கள் கோபத்தில் செய்த காரியம், நாடு முழுக்க இருக்கும் ஏழை வேட்பாளரின் வாசலை அடைத்துவிட்டது. எனக்கு அதுதான் வலிக்கிறது.

வாய்க்கால்கரை:
அந்த 88 பேரை விட்டுவிடுங்கள் அண்ணா. எம்எல்ஏ ஆகவா நின்றார்கள்? குறையைச் சொல்ல நின்றார்கள், ஓட்டை யோசித்து வேறு ஒருவருக்குப் போட்டார்கள். அதில் என்ன தப்பு?

சட்டத்தை மாற்றியது மொடக்குறிச்சி மட்டுமா? அதே வருட மக்களவைத் தேர்தலில் ஃப்ளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்து எலும்பு வளைந்த நல்கொண்டா (இன்றைய தெலங்கானா) மக்கள் கூட்டமாக நின்றதால் அங்கே 480 வேட்பாளர்கள். கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேர். குறையைத் தீர்க்காமல், குறை சொல்வதற்கான கட்டணத்தைக் கூட்டினார்கள். அந்தப் பழி அரசின் மேல் விழ வேண்டியது, விவசாயி மேல் அல்ல.

தொகுதிக்கணக்கு:
இடையில் ஒரு எண். 1996 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க 13,952 வேட்பாளர்கள். டெபாசிட் உயர்ந்த பிறகு, 1998-ல் 4,750. மண்டிக்காரன் சொல்லும் வாசல் அடைபட்டது உண்மைதான்.

ஆனால் நீங்கள் இருவரும் 1996-லேயே நிற்கிறீர்கள். இந்தத் தொகுதியின் குணத்தை முழுதாகப் பாருங்கள். 1977-ல் இங்கே அதிமுகவில் வென்று எம்ஜிஆர் அமைச்சரவையில் இருந்தவர் இதே சுப்புலட்சுமி. 1989-ல் திமுகவின் கணேசமூர்த்தி. 2001-ல் அதிமுக, 2006-ல் காங்கிரசின் ஆர்.எம். பழனிசாமி, 2011-லும் 2016-லும் அதிமுக. 2021-ல் அதிமுக கூட்டணியில் பாஜகவின் சி. சரஸ்வதி. அவர் வாங்கியது 78,125, சுப்புலட்சுமி 77,844. வித்தியாசம் 281. திமுக ஆட்சியைப் பிடித்த தேர்தலில், அந்தக் கட்சியின் துணைப் பொதுச்செயலாளர் 281 ஓட்டில் தோற்றார். அடுத்த வருடம் அரசியலைவிட்டே விலகினார்.

மொடக்குறிச்சி யாருக்கும் எழுதிக் கொடுத்த சொத்து கிடையாது. 1,033-ஐவிட இந்த 281-தான் முக்கியம் என்பேன்.

மண்டிக்காரன்:
அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். 281 ஓட்டில் முடிவாகும் தொகுதியில் ஆயிரம் குடும்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால், எந்தக் கட்சியும் வீடு தேடி வரும். ஓட்டைச் சிதறடித்தால் யார் வருவார்கள்?

அறச்சலூர்க்காரி:
ஒரு பக்கமாகச் சாய்வது அவ்வளவு சுலபமா அண்ணா? கீழ்பவானிப் பாசன வாய்க்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு போகம் ஒற்றைப்படை மதகுக்கு, அடுத்த போகம் இரட்டைப்படை மதகுக்கு. எங்கள் வயல் நனையும்போது பக்கத்து வயல் காயும். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட வேண்டும் என்று நேரடிப் பாசனக்காரர்கள் கேட்கிறார்கள். போட்டால் கசிவு நின்று கிணறு வற்றும் என்று கிணற்றுப் பாசனக்காரர்கள் அழுகிறார்கள். இரண்டு பேரும் விவசாயிதான், இரண்டு பேரும் மொடக்குறிச்சி வாக்காளர்தான். காலிங்கராயன் வாய்க்கால்காரர்களுக்கு ஆலைக் கழிவு என்று வேறு கவலை. "விவசாயி ஓட்டு" என்று ஒரே மூட்டையாகக் கட்ட முடியாது. அதனால்தான் 1996-ல் அத்தனை பேர் ஒன்றாக மனு போட்டதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

வாய்க்கால்கரை:
அருமையாகச் சொன்னீர்கள் அக்கா.

இன்னொன்று. 2019-ல் தெலங்கானாவின் நிஜாமாபாத் மக்களவைத் தொகுதியில் 185 வேட்பாளர்கள், பெரும்பாலோர் மஞ்சள், சோளம் பயிரிடுபவர்கள். டெபாசிட் 25,000 ஆகியும் நின்றார்கள். வாக்குச்சாவடிக்கு 12 வாக்கு இயந்திரப் பெட்டி அடுக்க வேண்டி வந்தது. அப்போதைய முதலமைச்சரின் மகள் கவிதா தோற்றார். அவர்கள் கேட்ட மஞ்சள் வாரியம் அமைந்து, தலைமையகமும் அதே நிஜாமாபாத்துக்கு வந்தது. ஈரோடு மஞ்சள் என்று பெருமை பேசும் நம் ஊருக்கு வரவில்லை! அந்த வழியைக் காட்டியதே நாம்தான்.

மண்டிக்காரன்:
நிஜாமாபாத்தை முழுதாகச் சொல்லுங்கள் தம்பி. அங்கே பாஜக வேட்பாளர் அரவிந்த், ஜெயித்த ஐந்து நாளில் மஞ்சள் வாரியம், இல்லாவிட்டால் ராஜினாமா என்று பாண்டு பேப்பரில் எழுதிக் கொடுத்தார். வாரியம் தொடங்கியது 2025 ஜனவரியில். அதுவும் அடுத்த மக்களவைத் தேர்தலும் முடிந்த பிறகு. வேட்பாளராக நின்றவர்களைவிட, அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் விடாமல் கேட்டவர்களால்தான் அது வந்தது என்பேன்.

அறச்சலூர்க்காரி:
நிற்காமல் இருந்திருந்தால் அந்தத் தாளையாவது யார் எழுதிக் கொடுத்திருப்பார்கள் அண்ணா?