டாக்ட் டைம்: ‘தாளநேரம்’ எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

வாங்குபவர் கேட்கும் அளவைக் கொடுக்க, ஆலையில் எவ்வளவு நேரத்துக்கு ஒரு பொருள் முடிந்து வெளியே வரவேண்டும் என்பதுதான் ‘டாக்ட் டைம்’ (takt time). அதற்குத் தமிழில் இங்கே வந்த ‘வேகநேரம்’, ‘இடைவெளி நேரம்’ என்ற இரண்டு பரிந்துரைகளையும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தேன். நகரின் தெற்கே ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா கார் ஆலை இருப்பதால் ஆங்கிலச் சொல் அவர்களில் சிலருக்குப் பழக்கம்தான்.

காகித உறை செய்யும் பயிற்சி. பத்து நிமிடத்தில் 30 உறை வேண்டும். ஆக 20 விநாடிக்கு ஒன்று வெளியே வரவேண்டும். நான்கு மேசை, மேசைக்கு ஒருவர். வெட்ட 11 விநாடி, மடிக்க 14, ஒட்ட 32, முத்திரை குத்த 8. ஒட்டும் பெண்ணின் விரலெல்லாம் பசை, முன்னால் மடித்த உறைகள் குவிந்து சரிகின்றன. மணி அடித்தபோது முடிந்தவை 17. “அப்போ டாக்ட் டைம் 32தானே?” என்றான் ஒருவன். இந்தக் குழப்பத்தை அறுக்கிற சொல்தான் நமக்கு வேண்டும். 32 என்பது அந்த மேசையின் சுற்றுநேரம், அதாவது ஓர் உறைக்கு அந்த மேசை எடுக்கும் நேரம். 20 என்பது வாங்குபவர் கேட்கும் அளவிலிருந்து வருவது. 20 உறை போதும் என்றால் அதுவே 30 விநாடி ஆகிவிடும், கை வேகம் எதுவும் மாறாமலே.

‘வேகநேரம்’ என்றதும் வெட்டுகிறவன் இன்னும் வேகமாக வெட்டினான், குவியல்தான் பெருத்தது. ‘இடைவெளி நேரம்’ என்றால் தேநீர் இடைவேளை மாதிரி கேட்கிறது. அதனால் இரண்டும் வேண்டாம்.

டாக்ட் ஜெர்மன் சொல். இசையில் தாளத்தைக் குறிப்பது. நமக்கு நேராகவே தாளம் இருக்கிறதே! பரதம் கற்கும் ஒரு பெண் சட்டென்று பிடித்துக்கொண்டாள்: “நட்டுவனார் தட்டுறதுதான் தாளம், நான் அடி வைக்க எவ்வளவு நேரம் எடுத்தாலும் அது மாறாது.” அப்புறம் ஒட்டும் மேசையில் இன்னொருவரை உட்கார வைத்தார்கள். உறைக்கு 16 விநாடி ஆனது, தாளத்துக்குள் வந்துவிட்டது.

தேவை என்பதும் சொல்லில் தெரிய வேண்டும் என்று இலங்கை நண்பர் கேட்டிருந்தார். அவர்கள் வழக்கில் தேவையைக் ‘கேள்வி’ என்பதால் ‘கேள்வித்தாளம்’ என்று வரும். வேகமாகப் படித்தால் கேள்வித்தாள் ஆகிவிடுகிறது. ‘தேவைத்தாளம்’ பரவாயில்லை, ஆனால் அதில் நேரம் விடுபடுகிறது. தாளநேரம் என்றே வைத்து, தேவையை விளக்கத்தில் சொல்லலாம் என்பது என் கருத்து.

அடுத்த சனிக்கிழமைக்குள் பயிற்சித் தாளை அச்சிட வேண்டும். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.