டேட்டா சஃபிஷியன்சியில் விடை சரியாக வருகிறது, ஆப்ஷன் தப்பாகிறது: உதவுங்கள்

கோட்டூர்புரம்:
எம்.பி.ஏ. சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வு எழுத இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. ஓ.எம்.ஆரில் வேலை, அதனால் சனி ஞாயிறுதான் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்க முடிகிறது. சாதாரணக் கணக்கில் பயமில்லை, போட்டுவிடுவேன். டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் வரும் டேட்டா சஃபிஷியன்சிதான் பாதிக்குப் பாதி தப்பாகிறது. ஒரு கேள்வியும் இரண்டு கூற்றும் தருவார்கள், விடை காண எந்தக் கூற்று போதும் என்றுதான் சொல்ல வேண்டும்: முதலாவது மட்டும் போதும் என்றால் ஏ, இரண்டாவது மட்டும் என்றால் பி, இரண்டும் சேர்ந்தால்தான் என்றால் சி, தனித்தனியாகவே போதும் என்றால் டி, சேர்ந்தும் போதாது என்றால் இ. 20 கேள்விக்கு 45 நிமிடம், அதில் இந்த வகை ஒன்றுக்கே மூன்றரை நிமிடம் போகிறது. நேற்று சிக்கியது இது:

டீ 15 ரூபாய், வடை 12 ரூபாய். ஒருவர் இரண்டும் வாங்கினார். எத்தனை டீ?
(1) மொத்தம் 93 ரூபாய் ஆனது.
(2) டீ, வடை சேர்த்து 7 வாங்கினார்.

தெரியாதது இரண்டு, சமன்பாடு இரண்டு, அதனால் சி போட்டேன். 3 டீ, 4 வடை என்று சரிபார்க்கவும் செய்தேன். விடை ஏ என்கிறார்கள்! இன்னொன்று, ஒரு மிகை முழு எண் பகா எண்ணா என்று கேள்வி. (1) அது 6ஆல் வகுபடும். (2) அது 10க்கும் 20க்கும் இடையில் இருக்கிறது. முதல் கூற்றை வைத்துப் பார்த்தால் ‘இல்லை’ என்று வருகிறது, அதனால் அது போதாது என்று தள்ளிவிட்டேன். அதுவும் தப்பு. எங்கே கோட்டை விடுகிறேன் என்றே தெரியவில்லை.

நங்கநல்லூர்:
தம்பி, டீயையும் வடையையும் அரை, கால் என்று வாங்க முடியாது, அங்கேதான் விஷயம் இருக்கிறது. 15, 12, 93 மூன்றையும் 3ஆல் வகுத்துவிடுங்கள். ஒரு டீக்கு 5, ஒரு வடைக்கு 4, மொத்தம் 31. இப்போது 31இலிருந்து ஐந்தைந்தாகக் கழித்துக்கொண்டே போங்கள்: 26, 21, 16, 11, 6, 1. இதில் 4ஆல் வகுபடுவது 16 மட்டும்தான். ஆக 3 டீ, வேறு வழியே இல்லை, முதல் கூற்று தனியாகவே போதும். இரண்டாவது மட்டும் இருந்தால் 1 டீ 6 வடையும் ஆகலாம், 6 டீ 1 வடையும் ஆகலாம். அதனால் ஏ.

அதே கணக்கில் 93க்குப் பதில் 123 என்று வைத்துப் பாருங்கள். 41இலிருந்து கழித்தால் 36, 16 என்று இரண்டு எண்கள் 4ஆல் வகுபடும்: 1 டீ 9 வடை, அல்லது 5 டீ 4 வடை. மொத்தம் 9 வாங்கினார் என்று இரண்டாவது கூற்று சொன்னால்தான் முடிவாகும், அப்போது சி. எண்ணைப் பொறுத்து ஆப்ஷனே மாறுகிறது பாருங்கள். ஆட்கள், பேனா, பஸ் டிக்கெட் என்று எண்ணிச் சொல்லும் பொருள் வந்தாலே ‘இரண்டு சமன்பாடு வேண்டும்’ என்று முடிவு கட்டாமல், ஒன்றே போதுமா என்று ஒருமுறை பாருங்கள்.

குரோம்பேட்டை:
பகா எண் கணக்குக்கு நான் சொல்கிறேன். 6ஆல் வகுபடும் எந்த எண்ணும் பகா எண் ஆகாது. உறுதியாக ‘இல்லை’ என்று சொல்ல முடிகிறதல்லவா, அதுவே போதுமானதுதான். சிலசமயம் ஆமாம், சிலசமயம் இல்லை என்று வந்தால்தான் போதாது. இரண்டாவது கூற்றில் அப்படித்தான்: 11 பகா எண், 12 இல்லை. விடை ஏ.

நம் ஊரில் பன்னிரண்டாவது வரை ஸ்டெப் மார்க்குக்காகக் கடைசி வரி வரை போட்டுப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கம்தான் உங்கள் மூன்றரை நிமிடத்தைத் தின்கிறது. ஒரே ஒரு மதிப்புதான் வரும் என்று தெரிந்துவிட்டால் பேனாவைக் கீழே வையுங்கள், மதிப்பு 3ஆ 300ஆ என்று யாரும் கேட்கவில்லை. திரையில் கால்குலேட்டர் இருக்கிறது, இந்த வகைக் கேள்விக்கு நான் அதைத் தொட்டதே அரிது.

அப்புறம், இரண்டாவது கூற்றைப் படிக்கும்போது முதலாவதைக் கையால் மறைத்துக்கொண்டு பழகுங்கள். ‘எக்ஸின் மதிப்பு என்ன? (1) எக்ஸ் பூஜ்யத்தைவிடப் பெரியது. (2) எக்ஸின் வர்க்கம் 16.’ முதல் வரி மனதில் ஒட்டிக்கொண்டிருந்தால் 4 என்று எழுதி பி போட்டுவிடுவோம். தனியாகப் பார்த்தால் மைனஸ் 4ம் வரும். சரியான விடை சி. ரஃப் தாளில் ‘ஏ டி’ ஒரு பக்கம், ‘பி சி இ’ ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். முதல் கூற்று போதும் என்றால் வலது பக்கத்தை அடித்துவிடலாம், போதாது என்றால் இடது பக்கத்தை. ஒரே அடியில் ஐந்து, இரண்டாகவோ மூன்றாகவோ குறைந்துவிடும்.

வேளச்சேரி:
பழைய புத்தகம் வைத்திருந்தால் ஒரு விஷயம். 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில்தான் இந்த வகையை டேட்டா இன்சைட்ஸுக்கு மாற்றினார்கள், குவான்ட் என்கிற கணக்குப் பகுதியிலிருந்து வடிவியலையும் எடுத்துவிட்டார்கள். முக்கோணம், வட்டம் என்று வரும் பழைய கணக்குகளில் மாலைப்பொழுதைச் செலவழிக்க வேண்டாம்.

கோட்டூர்புரம்:
குரோம்பேட்டை அக்கா, நங்கநல்லூர் அண்ணா, ரொம்ப நன்றி. கையால் மறைத்து இன்று பன்னிரண்டு போட்டேன், ஒன்பது சரி, ஒன்றுக்கு இரண்டு நிமிடம்தான் ஆனது. ஒரு சந்தேகம்: ஒரு கணக்கில் முதல் கூற்றில் 6 வந்தது, இரண்டாவதில் 9. இரண்டுமே தனித்தனியாக ஒரே மதிப்பைத் தருவதால் டி போடலாமா?

குரோம்பேட்டை:
ஜிமேட்டில் இரண்டு கூற்றும் ஒன்றுக்கொன்று முரண்படாது. 6ம் 9ம் வந்தால் எங்கோ கை தவறியிருக்கிறது. திரும்பப் போட்டுப் பாருங்கள்.

கோட்டூர்புரம்:
ஆமாம் அக்கா, இரண்டாவதில் அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது ஒரு மைனஸை விட்டிருந்தேன். இரண்டிலும் 6தான். டி.